நூல் தேடும் வழி

நூல் நிலையத்தில் ஒரு நூல் இருப்பது வேறு. தேடி வருகிறவருடைய கைக்கு அது கிட்டுவது வேறு. ஐந்நூறு நூல்கள் உள்ள இடத்தில் ஒருவர் தம் கண்களைக் கொண்டே தேடிவிடலாம். லட்சம் நூல்கள் சேர்ந்த பிறகு கண்ணும் காலும் போதா. இடையில் ஒரு கருவி வேண்டும். அக்கருவி ஒரு காலத்தில் கையெழுத்துப் பட்டியலாக இருந்தது. பின்னர் அச்சிட்ட அட்டவணை ஆயிற்று. அதன்பின் மரப் பேழைகளில் அடுக்கிய அட்டைகள் ஆயிற்று. இன்று கணிப்பொறித் திரையில் தோன்றும் ஒரு சிறு கட்டமாகச் சுருங்கியிருக்கிறது. கருவியின் உருவம் மாறியதே தவிர, அதைத் தேர்ந்தெடுக்கிறவர்கள் முன் நிற்கும் கேள்வி மாறவில்லை. யாருடைய வினாவுக்கு விடை சொல்வதற்காக இந்தக் கருவி? நம் நாட்டுப் பல்கலைக் கழக நூல் நிலையம் ஒன்று இக்கேள்வியை நூறாண்டுகளுக்கு முன்பு கேட்டது. தனக்கென ஒரு விடையும் கண்டது. அந்த வரலாற்றையும், அதிலிருந்து இன்று நாம் கொள்ளத்தக்க பாடத்தையும் சிறிது ஆராய்வோம்.

இவ்வாராய்ச்சியில் எனக்கு ஈடுபாடு உண்டானதற்கு நான் பிறந்த மண்ணும் ஒரு காரணம். பாலக்காட்டு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்திலே, சித்தூர்ப் பகுதியிலே, வீட்டில் தமிழும் வீதியில் மலையாளமும் கேட்டு வளர்ந்தவர்களில் நானும் ஒருவன். தெற்கே ஆனைமலைத் தொடரைக் கடந்தால் தேவிகுளம், அதற்கும் தெற்கே பீர்மேடு. அங்கே தேயிலைத் தோட்டங்களிலும் ஏலக்காய் மலைகளிலும் தலைமுறை தலைமுறையாக உழைத்துவரும் தமிழ் மக்கள் இருக்கின்றனர். 1956 நவம்பர் 1ஆம் நாள் கேரள மாநிலம் அமைவதற்கு முன்னர் இவ்வூர்கள் ஓர் ஆட்சியின்கீழ் இருந்தவை அல்ல. பாலக்காடு சென்னை மாகாணத்து மலபார் மாவட்டத்தைச் சேர்ந்தது. சித்தூர் கொச்சி அரசுக்கு உரியது. தேவிகுளமும் பீர்மேடும் திருவிதாங்கூரின் பகுதிகள். அக்காலத்தில் பாலக்காட்டு விக்டோரியா கல்லூரி மாணவர்கள் சென்னைப் பல்கலைக் கழகத்தின் தேர்வுகளையே எழுதினர். ஆதலின் சென்னைப் பல்கலைக் கழக நூல் நிலையத்தின் வரலாறு எங்கள் பக்கத்து வரலாறும் ஆகும்.

அப்பல்கலைக் கழகம் 1857இல் தோன்றியது. ஆயின் அதன் நூல் நிலையத்துக்கு வித்திடப்பட்டது 1907ஆம் ஆண்டில்தான். தொடக்கத்தில் எழும்பூரில் உள்ள கன்னிமரா நூல் நிலையத்திலேயே பல்கலைக் கழகத்தின் நூல்களும் இருந்தன. 1924 ஜனவரியில் சீர்காழி இராமாமிருத ரங்கநாதன் என்னும் கணித ஆசிரியர் அதன் முதல் நூலகராக நியமிக்கப்பட்டார். 1892இல் சீர்காழியில் பிறந்து, மங்களூரிலும் கோயமுத்தூரிலும் அரசாங்கக் கல்லூரிகளில் கணிதம் கற்பித்து, பின் சென்னை மாநிலக் கல்லூரியில் பணியாற்றிக்கொண்டிருந்தவர் அவர். நூல் நிலையப் பணியில் அவருக்கு முன்னனுபவம் எதுவும் இல்லை. புதிய வேலையின் தனிமை தாங்காமல் சில நாட்களிலேயே கல்லூரிக்குத் திரும்ப வேண்டும் என்று அவர் கேட்டார் என்பதும், இங்கிலாந்து சென்று பயிற்சி பெற்று வந்த பிறகும் மனம் மாறாவிடில் திரும்பி வரலாம் என்று முதல்வர் சொல்லி அனுப்பினார் என்பதும் நூலகத் துறையினர் நன்கு அறிந்த செய்திகள்.

1924 இறுதியில் அவர் லண்டன் பல்கலைக் கழகக் கல்லூரியின் நூலகப் பள்ளியில் சேர்ந்தார். பெர்விக் சேயர்ஸ் என்னும் அறிஞர் அங்கே பகுப்பு முறையைக் கற்பித்தார். அந்நாட்டின் நூல் நிலையங்கள் பலவற்றையும் ரங்கநாதன் நேரிற் சென்று கண்டார். அங்கே பெரிதும் வழங்கிவந்தது அமெரிக்கரான மெல்வில் டியூயி 1876இல் வெளியிட்ட தசமப் பகுப்பு முறை. உலகத்து அறிவு முழுவதையும் பத்தாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் மீண்டும் பத்துப் பத்தாகப் பிரித்து, ஒவ்வொரு பொருளுக்கும் முன்கூட்டியே ஓர் எண்ணை எழுதி வைத்திருக்கும் முறை அது. பயன்படுத்துவதற்கு எளிது, அச்சிட்ட நூலாகவே விலைக்குக் கிடைக்கிறது, பல நாடுகள் ஏற்றுக்கொண்டது. சென்னைக்கு அதையே கொண்டுவந்திருந்தால் ஒருவரும் குறை கூறியிருக்க மாட்டார்.

ஆனால் ரங்கநாதன் அதைச் சென்னையின் அலமாரிகளோடு ஒப்பிட்டுப் பார்த்தார். சமயத்துக்கு ஒதுக்கிய பத்துப் பிரிவுகளில் ஏழு கிறிஸ்துவ சமயத்துக்கு உரியவையாக இருந்தன. இந்து சமயம், பௌத்தம், சமணம், இஸ்லாம் முதலிய மற்றெல்லாம் கடைசிப் பிரிவு ஒன்றினுள் அடைபட்டிருந்தன. இலக்கியத்திலும் அப்படியே. ஆங்கில இலக்கியத்துக்கு 820 என மூன்று இலக்கங்கள். தமிழ் இலக்கியத்துக்கோ 894.811 என ஆறு இலக்கங்கள். அமெரிக்கக் கல்லூரி ஒன்றின் தேவைக்காகப் பிறந்த திட்டம் அப்படி அமைந்ததில் வியப்பில்லை. அதைக் குற்றமாகவும் கூற வேண்டுவதில்லை. அங்கே ஒரு மூலையில் கிடக்கும் நூல்கள்தாம் இங்கே முன் கூடத்தை நிரப்புகின்றன என்பதே செய்தி. ஒரு சிறு சந்துக்குப் போட்ட கதவிலக்கம் ஒரு பட்டினத்துக்குப் போதுமா?

மற்றொரு குறையும் அவருக்குப் புலப்பட்டது. முன்கூட்டியே எழுதி வைத்த பட்டியலில் இல்லாத பொருளைப் பற்றி ஒரு நூல் வந்தால் அதற்கு இடம் ஏது? தேயிலையைப் பற்றிய நூலுக்கு எண் உண்டு. தேயிலைக்கு வரும் நோய், அதைத் தடுக்கும் வழி, அதுவும் தேவிகுளத்தில், குறிப்பிட்ட ஒரு காலத்தில் என்று நான்கைந்து கூறுகள் சேர்ந்த நூல் வந்தால், பட்டியலை வகுத்தவர் அதனை எவ்வாறு முன்னறிந்திருக்க முடியும்? அறிவு வளர வளரப் பட்டியல் பின்தங்கியே தீரும்.

இதற்கு விடை ஒரு கடையில் கிடைத்தது. லண்டன் மாநகரத்துச் செல்ஃப்ரிட்ஜ் கடையில் ‘மெக்கானோ’ என்னும் விளையாட்டுக் கருவியை அவர் கண்டார். உலோகப் பட்டைகள், சக்கரங்கள், கம்பிகள், அவற்றை இணைக்கும் திருகாணிகள், இவ்வளவே. அதே துண்டுகளைக் கொண்டு விற்பவர் ஒரு சமயம் வண்டி செய்தார், ஒரு சமயம் பளுதூக்கி செய்தார். பொம்மைகளைத் தனித்தனியே செய்து அடுக்கி வைக்கத் தேவையில்லை; துண்டுகளும் திருகாணியும் இருந்தால் வேண்டிய பொம்மையை வேண்டியபோது ஆக்கிக்கொள்ளலாம். நூற்பொருளையும் அவ்வாறே கூறுகளாகப் பிரித்து வைத்துக்கொண்டு, நூல் வரும்போது அக்கூறுகளை இணைத்து எண் அமைத்தால் என்ன? இணைக்கும் திருகாணியாக அவர் எடுத்துக்கொண்டது முக்காற்புள்ளி. கோலன் பகுப்பு முறை, அதாவது முக்காற்புள்ளிப் பகுப்பு முறை, என்னும் பெயர் வந்தது இதனால்தான்.

1925இல் தாயகம் திரும்பும்போது, கப்பலில் இருந்த நூல் நிலையத்தின் நூல்களைக் கொண்டே அவர் தம் முறையைச் சோதித்துப் பார்த்தார். சென்னை வந்த பிறகு பல்கலைக் கழக நூல்களைப் படிப்படியாக அம்முறைக்கு மாற்றினார். ஆயினும் அதை உடனே அச்சிட்டு வெளியிட்டுவிடவில்லை என்பது ஊன்றிக் கவனிக்கத்தக்கது. எட்டாண்டுகள் அலமாரிகளிலும் வாசகர்களிடையிலும் பழகித் தேறிய பின்னர், 1933ஆம் ஆண்டில்தான் சென்னை நூலகச் சங்கத்தின் வாயிலாக அதன் முதற்பதிப்பு வெளிவந்தது. கருவியை முதலில் உழைக்க விட்டு, அதன்பின் ஊருக்கு அறிவித்த பொறுமை அது.

அம்முறையில் இலக்கியத்துக்கு ‘ஓ’ என்னும் ஆங்கில எழுத்து அடையாளம். தமிழுக்கு எண் 31, மலையாளத்துக்கு 32, ஆங்கிலத்துக்கு 111. ஆறு இலக்கங்களுக்கு அப்பால் கிடந்த தமிழ் இரண்டு இலக்கங்களில் வந்து நின்றது. ஆசிரியர்களைப் பிறந்த ஆண்டினால் குறிப்பது மற்றொரு புதுமை. 1500 முதலான நூற்றாண்டுக்கு ‘ஜே’, 1800 முதலான நூற்றாண்டுக்கு ‘எம்’ என்று எழுத்துகள் வைத்து, 1564இல் பிறந்த ஷேக்ஸ்பியரை ‘ஜே 64’ என்றும், 1882இல் பிறந்த பாரதியாரை ‘எம் 82’ என்றும் குறிக்கலாம். இதனால் ஒரு மொழியின் கவிஞர்கள் அலமாரியில் கால வரிசையிலே நிற்பார்கள். தமிழும் மலையாளமும் அடுத்தடுத்த எண்களாக, ஒரு சுவர் வீட்டுக்காரர்களைப் போல நிற்பதைக் காணும்போது, எல்லைப்புறத்தில் பிறந்த எனக்குத் தனி மகிழ்ச்சி உண்டாகிறது.

பகுப்பு முறையோடு மட்டும் அவர் நின்றுவிடவில்லை. எண்ணைத் தெரிந்தவர்களுக்கு அலமாரி விடை சொல்லும். எண் தெரியாமல் சொல்லை மட்டும் கொண்டு வருகிறவருக்கு யார் வழி காட்டுவது? இதற்காக 1934இல் பட்டியல் தயாரிக்கும் விதிகளை வெளியிட்டார். பட்டியலுக்கு இரண்டு பகுதிகள்: பொருள் வரிசையில் ஒன்று, அகர வரிசையில் ஒன்று. பகுப்பெண்ணின் ஒவ்வொரு கண்ணியிலிருந்தும் ஒரு சொல்லை எடுத்து அகர வரிசையில் சேர்க்கும் ‘சங்கிலி முறை’யையும் வகுத்தார். தமிழ்க் கவிதை பற்றிய ஒரு நூல் வந்தால் கவிதை என்று தேடுகிறவருக்கும் வழி கிடைக்கும். தமிழ் என்று தேடுகிறவருக்கும் கிடைக்கும். இலக்கியம் என்று தேடுகிறவருக்கும் கிடைக்கும். எந்த வாசல் வழியாக வந்தாலும் கூடத்தை அடையலாம்.

இவை எல்லாவற்றுக்கும் அடிப்படையான கொள்கையை 1931இல் ‘நூலகவியலின் ஐந்து விதிகள்’ என்னும் நூலில் அவர் கூறினார். நூல்கள் பயன்படுவதற்கே உரியவை. ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் உண்டு. ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் உண்டு. வாசகரின் காலத்தைச் சேமித்தல் வேண்டும். நூல் நிலையம் வளரும் ஓர் உயிர் என்பவையே அவ்விதிகளின் சாரம். பூட்டிய அலமாரிகளைத் திறந்து, வாசகர் தாமே நூல்களினிடையே நடந்து எடுக்கும் வழக்கத்தையும் அவர் சென்னையில் கொண்டுவந்தார். 1936இல் சேப்பாக்கத்துக் கடற்கரையை நோக்கிய புதிய கட்டடத்துக்கு நூல் நிலையம் குடிபுகுந்தபோது, கருவியும் கட்டடமும் வாசகரை நோக்கியே அமைந்தன.

சென்னையில் பிறந்த இம்முறை கடல் கடந்தும் பயன் தந்தது. 1950இல் தொடங்கிய பிரிட்டிஷ் தேசிய நூற்பட்டியல் ஏறத்தாழ இருபதாண்டுகள் ரங்கநாதனின் சங்கிலி முறையிலேயே தன் பொருளகராதியை அமைத்தது. 1952இல் லண்டனில் கூடிய பகுப்பாராய்ச்சிக் குழுவினர் அவருடைய கூற்றுப் பகுப்பைத் தங்கள் ஆராய்ச்சிக்கு அடித்தளமாகக் கொண்டனர். உள்நாட்டிலோ, அவர் இடைவிடாது பாடுபட்டதன் பயனாக 1948இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. மலபார் அன்று சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்தமையால், பாலக்காட்டு வட்டாரமும் அச்சட்டத்தின் பயனைப் பெற்றது.

வரலாறு ஒரு பக்கம் மட்டும் சாய்ந்து நிற்பதன்று. ரங்கநாதனின் பகுப்பு முறை நுட்பமானது. ஆதலின் கற்றுத் தேர்ந்த பணியாளர் வேண்டும். அதன் குறியீடுகள் பதிப்புக்குப் பதிப்பு மாறின. மாறும்தோறும் முதுகில் எழுதிய எண்களையும் மாற்றும் உழைப்பு வந்து சேர்ந்தது. 1972இல் அவர் காலமான பிறகு, இந்திய நூல் நிலையங்களிற் பெரும்பாலானவை டியூயி முறையையே பின்பற்றுகின்றன. சிறந்த கருவியாக இருந்தாலும், அதைத் தொடர்ந்து பேணும் கைகள் இல்லாவிடில் நிலைபெறாது என்பதும் இவ்வரலாறு கற்பிக்கும் பாடமே.

நூல் நிலையங்களுக்கு உதவும் பொருட்டு மத்திய அரசும் ஒரு பெரும்பணியை மேற்கொண்டது. நாட்டில் வெளியாகும் நூல்களைத் தேசிய நூலகத்துக்கு அனுப்பவேண்டும் என்ற சட்டம் 1954இல் வந்தது. அதன் அடிப்படையில், பி. எஸ். கேசவனின் தலைமையில், இந்திய தேசிய நூற்பட்டியல் கல்கத்தாவில் தொகுக்கப்பட்டு 1958 முதல் வெளிவந்தது. பல மொழி நூல்களை ஒரே வரிசையில் வைக்கவேண்டுமாதலின், எல்லா மொழித் தலைப்புகளையும் ரோமன் எழுத்தில் அச்சிட்டனர். நெடிலுக்கு மேற்கோடு, ளகர றகரங்களைப் பிரித்துக் காட்ட அடிப்புள்ளி அடிக்கோடுகள் என்று துல்லியமான அடையாளங்கள் இட்டனர். பெரிய நோக்கத்தோடு செய்த நல்ல ஏற்பாடு அது. அதன் விளைவு ஒன்று மட்டும் பிற்காலத்தில் நம் காலை வாரியது.

கணிப்பொறி வந்தது. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் 1960களில் நூற்பதிவுகளை இயந்திரம் படிக்கும் முறையில் அமைத்தது. அதன் வழிமுறையே உலகெங்கும் பரவிற்று. இந்தியாவில் பல்கலைக் கழக நூல் நிலையங்களை இணைப்பதற்கென 1991இல் இன்ஃப்லிப்நெட் என்னும் திட்டத்தைப் பல்கலைக் கழக மானியக் குழு தொடங்கியது. அட்டைகளில் இருந்ததெல்லாம் கணிப்பொறிக்குள் ஏறியது. ஏற்றும்போது மேற்கோடுகளையும் அடிப்புள்ளிகளையும் தட்டுவதற்குச் சாதாரண விசைப்பலகையில் வழி இல்லை. ஆகவே பல இடங்களில் அவை உதிர்ந்துபோயின. வெறும் ஆங்கில எழுத்துகள் மட்டும் எஞ்சின. குறிலும் நெடிலும் ஒன்றாயின; லகரமும் ளகரமும் ஒன்றாயின. ழகரத்துக்கு ஒருவர் ‘இசட்’, ‘எச்’ என்னும் இரண்டு எழுத்துகளை இட்டார். வேறொருவர் வெறும் ‘எல்’ இட்டார். 1991இல் வெளியான ஒருங்குறியின் முதற்பதிப்பிலேயே தமிழ் எழுத்துகள் இடம்பெற்றன என்பது உண்மை. நூற்பதிவிலும் மூல எழுத்தை எழுதுவதற்குத் தனி இடம் உண்டு. ஆனால் பழைய பதிவுகள் பலவற்றில் அவ்விடம் இன்னமும் வெறுமையாகவே கிடக்கிறது.

இந்தக் குறையின் மேல்தான் இன்றைய புதிய கருவி வந்து அமர்கிறது. ‘டிஸ்கவரி’ என்று துறையினர் வழங்கும் தேடற் கருவியைச் சொல்கிறேன். முன்பு நூலுக்கு ஒரு பட்டியல், ஆய்விதழ்க் கட்டுரைக்கு வேறொரு பட்டியல், ஆய்வேட்டுக்கு மற்றொன்று என வாசகர் தனித்தனியே தேடவேண்டியிருந்தது. இக்கருவியோ எல்லாப் பதிவுகளையும் முன்கூட்டியே திரட்டி ஒரே பேரகராதியாக்கி வைத்துக்கொள்கிறது. ஒரு கட்டத்தில் ஒரு சொல்லைத் தட்டினால் எல்லாவற்றையும் ஒருசேரத் தேடி, பொருத்தத்துக்கு ஏற்ப வரிசைப்படுத்தித் தருகிறது. 2009இல் ‘சம்மன்’ என்பதும், 2010இல் ‘எப்ஸ்கோ’ நிறுவனத்தின் கருவியும் வெளிவந்தன. விலையின்றிப் பயன்படுத்தத்தக்க ‘வூஃபைண்ட்’ என்பதை அமெரிக்காவின் வில்லனோவா பல்கலைக் கழகத்து நூல் நிலையத்தார் ஆக்கி அளித்தனர்.

இக்கருவிகளின் திரையில் ஓர் ஓரத்தைப் பாருங்கள். கிடைத்த ஆயிரம் விடைகளை மொழி, காலம், இடம், பொருள், ஆசிரியர் என்று வகை வகையாகப் பிரித்துக் காட்டி, வேண்டியதைத் தெரிந்துகொள்ளச் செய்யும் பட்டியல் அங்கே இருக்கும். அவ்வகைகளுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயர் ‘ஃபாசெட்’. நூலகவியலில் அச்சொல்லை நிலைநாட்டியவர் ரங்கநாதன். மெக்கானோவைக் கண்டு அவர் வகுத்த கூறுகளே இன்று கண்ணாடித் திரையில் வந்து நிற்கின்றன. சென்னையிலிருந்து புறப்பட்ட கருத்து உலகைச் சுற்றி, விலைப்பொருளாக நம் வாசலுக்கே திரும்பி வந்திருக்கிறது என்று சொன்னால் மிகையாகாது.

அக்கருத்து திரும்பி வந்தது. அதனோடு பிறந்த கேள்வியும் திரும்பி வந்ததா? இதை நான் கேட்பதற்குச் சொந்த அனுபவம் ஒன்று காரணம். மத்திய அரசில் மொழிபெயர்ப்பாளனாகப் பணியாற்றும் எனக்கு, ஒரு முறை தேயிலைத் தோட்ட வாழ்க்கை பற்றிய சொற்கள் தேவைப்பட்டன. ஆனைமலைத் தோட்டங்களைக் களமாகக் கொண்டு பி. எச். டேனியல் ஆங்கிலத்தில் எழுதிய ‘ரெட் டீ’ என்னும் நாவலை இரா. முருகவேள் ‘எரியும் பனிக்காடு’ என்று தமிழாக்கியிருக்கிறார். அத்தமிழாக்கத்தை நாடி ஒரு கல்வி நிலையத்தின் நூல் நிலையத்துக்குச் சென்றேன். தமிழெழுத்தில் தட்டினேன், விடை இல்லை. ஆங்கில எழுத்தில் தட்டினேன். ‘க்கா’ என்னும் ஒலிக்குக் ‘கே’ ஒன்றா, இரண்டா? ‘ஏ’ ஒன்றா, இரண்டா? நான்கு விதமாகவும் முயன்று பார்த்தேன். ஒவ்வொரு முறையும் ‘முடிவுகள் இல்லை’ என்றே திரை கூறிற்று.

சோர்ந்து நின்ற என்னை அங்கிருந்த முதிய பணியாளர் ஒருவர் கண்டார். என்ன நூல் என்று வினவினார், சொன்னேன். மொழிபெயர்ப்பு நூல் மூலத்தோடுதான் நிற்கும், தமிழ் அலமாரியில் தேடிப் பயனில்லை என்று சொல்லி, ஆங்கில நாவல்களின் பக்கம் அழைத்துச் சென்றார். அங்கே இருந்தது நூல். முதுகில் எண் எழுதி, முத்திரை குத்தி, முறைப்படி பதிவு செய்யப்பட்ட நூல். பதிவில் தலைப்பின் இடையே ஓர் எழுத்து விடுபட்டிருந்தது, அவ்வளவே. ஓர் எழுத்துப் பிழையினால் அந்நூல் திரைக்கு இல்லாத நூலாகிவிட்டது. திறந்த அலமாரியும் ஒரு மனிதருடைய நினைவும் இல்லாதிருப்பின் எனக்கும் அது இல்லாத நூலே.

எனக்கு நேர்ந்தது அரைமணி நேர நஷ்டம். வேறொருவரை எண்ணிப் பாருங்கள். தேவிகுளத்துத் தோட்டக் குடியிருப்பிலிருந்து, தமிழ் வழியில் பள்ளிப் படிப்பை முடித்து, வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதிக்கும் பெண் ஒருத்தி. தன் முன்னோர் மலையேறி வந்த வரலாற்றைப் பற்றிக் கட்டுரை எழுத வேண்டும். ‘தேயிலைத் தோட்டம்’ என்று தட்டுகிறாள். திரை, இல்லை என்கிறது. எழுத்துப் பிழையை அவள் எப்படி அறிவாள்? பதிவுகளின் குறையை அவள் எங்கே கண்டாள்? இப்பொருளைப் பற்றித் தமிழில் நூலே இல்லை என்றுதான் அவள் கருதுவாள். நான்கு அலமாரி தள்ளி அவளுக்கென்றே ஒரு நூல் காத்திருக்கும். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் என்ற இரண்டு விதிகளும் ஒருங்கே முறிவது இவ்விடத்தில்தான்.

சித்தூர் அரசுக் கல்லூரியிலும் மூணாற்று அரசுக் கல்லூரியிலும் இன்று தமிழ் பயிற்றுவிக்கப்படுகிறது. பாலக்காட்டுக் கல்லூரிகள் 1968இல் தோன்றிய கோழிக்கோட்டுப் பல்கலைக் கழகத்தையும், இடுக்கிக் கல்லூரிகள் 1983இல் கோட்டயத்தில் தோன்றிய மகாத்மா காந்தி பல்கலைக் கழகத்தையும் சார்ந்தவை. கேரளத்து நூல் நிலையங்கள் பலவற்றில் நியூஸிலாந்திலே பிறந்த ‘கோஹா’ என்னும் விலையில்லா மென்பொருள் நிலைபெற்றுவிட்டது. 2025 ஜனவரி முதல், ‘ஒரே நாடு, ஒரே சந்தா’ என்னும் மத்திய அரசின் திட்டத்தால், 30 பதிப்பகத்தாரின் சுமார் 13,000 ஆய்விதழ்கள் அரசுக் கல்வி நிலையங்களுக்குத் திறந்திருக்கின்றன. இது பெரும் செல்வம், ஐயமில்லை. ஆயின் அதில் மிகப் பெரும்பகுதி ஆங்கிலச் செல்வம். அவ்வெள்ளத்தில் சில ஆயிரம் தமிழ் நூற்பதிவுகளும் மலையாளப் பதிவுகளும் மூழ்கிப்போகாமல் காப்பது யார் பொறுப்பு? கருவியைத் தேர்ந்தெடுப்பவர்களுடைய பொறுப்பே.

விற்பவர்கள் தங்கள் கருவி எத்தனை கோடிப் பதிவுகளைத் தேடும் என்று எண்ணிக்கை சொல்வார்கள். வாங்குகிறவர்கள் அவ்வெண்ணிக்கையைக் கேட்பதோடு நின்றுவிடாமல், தம் வாசகர்கள் உண்மையாகக் கேட்ட ஐம்பது கேள்விகளைக் கையில் வைத்துக்கொண்டு பரிசோதிக்க வேண்டும். தமிழெழுத்தில் தட்டினால் விடை வருகிறதா? ஆங்கில எழுத்தில் ஒரே தலைப்பை மூன்று விதமாக எழுதினால் மூன்றுக்கும் ஒரே நூல் வருகிறதா? தமிழ் ஆசிரியர் பெயரை மலையாள எழுத்தில் தட்டும் பாலக்காட்டு மாணவருக்கு வழி உண்டா? மொழிபெயர்ப்பும் மூலமும் ஒன்றையொன்று காட்டுகின்றனவா? பல்கலைக் கழக மானியக் குழுவின் 2009ஆம் ஆண்டு விதிக்குப் பின்னர் ‘சோத்கங்கா’ என்னும் மின்னேட்டகத்தில் சேர்ந்துவரும் தமிழ் ஆய்வேடுகள் அகப்படுகின்றனவா?

தமிழின் இயல்பையும் பரிசோதிக்க வேண்டும். ஆங்கிலச் சொல்லின் பன்மையை நீக்கி ஒருமையைக் காண எந்தக் கருவிக்கும் தெரியும். நம் மொழியிலோ மரம் மரத்தை ஆகிறது, மரத்தினால் ஆகிறது, மரங்கள் ஆகிறது. தேயிலையும் தோட்டமும் சேர்ந்தால் நடுவே ஒரு தகரம் தோன்றுகிறது. அதை ஒருவர் சேர்த்து எழுதுகிறார், ஒருவர் பிரித்து எழுதுகிறார். வேற்றுமையும் சந்தியும் அறியாத கருவிக்கு இவை வெவ்வேறு சொற்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு ஒன்றாகத் தோன்றுவது கோடி ரூபாய்க் கருவிக்கு வேறாகத் தோன்றும்.

தேர்ந்தெடுத்த பின்னரும் வேலை முடிந்துவிடுவதில்லை. எட்டாண்டு பழக்கிய பிறகே தம் முறையை அச்சேற்றினார் ரங்கநாதன் என்று கண்டோம். புதிய கருவியையும் முதலில் ஒரு துறைக்கு வைத்துப் பழக்கலாம். பழைய பட்டியலையும் சிறிது காலம் உடன் வைத்திருக்கலாம். அட்டைப் பேழைக்கு இல்லாத ஒரு வசதி கணிப்பொறிக்கு உண்டு: கிடைக்காமற்போன தேடல்களை அது குறித்து வைக்கும். வாரம் ஒரு முறை நூலகர் அக்குறிப்பைப் படித்து, இருக்கும் நூலுக்கு இல்லை என்று விடை சொன்ன இடங்களைத் திருத்தினால், ஓராண்டில் பதிவுகள் தெளிவடையும். சந்தாவுக்குப் பணம் ஒதுக்கும்போது, வெறுமையாகக் கிடக்கும் தமிழெழுத்து இடங்களை நிரப்பும் பணியாளருக்கும் ஒரு பங்கு ஒதுக்க வேண்டும். பதிவு பிழையாயின் கருவி அப்பிழையையே விரைவாகத் தேடித் தரும்.

இறுதியாக ஒன்று. ‘முடிவுகள் இல்லை’ என்று திரை கூறும் இடத்தில், நூலகரைக் கேளுங்கள் என்ற ஒரு வரியும், அவர் அமர்ந்திருக்கும் இடமும் எழுதப்பட்டிருத்தல் நன்று. எனக்கு வழி காட்டிய முதியவர் ஓய்வு பெற்றுவிட்டதாகப் பின்னர் அறிந்தேன். அவர் நினைவில் இருந்த வழிகளெல்லாம் எந்தப் பதிவிலும் ஏறவில்லை. அத்தகையவர்கள் விடைபெறுமுன் அவர்கள் அறிந்தவற்றைக் கேட்டு எழுதிவைத்துக்கொள்ளும் நூல் நிலையம், எந்தக் கருவியை வாங்கினாலும் அதனை நன்கு பயன்படுத்திக்கொள்ளும்.

சீர்காழியிலிருந்து வந்த கணித ஆசிரியர், விலைக்குக் கிடைத்த பட்டியலை அப்படியே வாங்கி வராமல், தம் அலமாரியில் நிற்கும் தமிழ் நூலுக்கு அதில் எத்தனை இலக்கம் என்று எண்ணிப் பார்த்தார். கண்டதைக் கொள்ளாது எண்ணிப் பார்த்த அந்த ஒரு செயலிலிருந்தே மற்றெல்லாம் விளைந்தன. இன்று கருவி தேர்ந்தெடுக்கும் குழுவில் அமர்ந்திருப்பவர்களும் அவ்வாறு ஒரு முறை எண்ணிப் பார்த்தால் போதும். தேவிகுளத்து மாணவி தன் மொழியில் தட்டும் முதற் சொல்லுக்கே அவளுக்குரிய நூல் கிட்டும்.